வின்டர் ஃபியூவல் பணம் என்று வரும் மெசேஜ்: வெளிநாட்டில் குடியேறிய பிரித்தானிய ஓய்வூதியர்களுக்கு ஓர் எச்சரிக்கை

அந்த மெசேஜ் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் வருகிறது. பிரித்தானிய வேலை, ஓய்வூதியத் துறையின் பெயர் மேலே இருக்கும். குளிர்கால வெப்பச் செலவுக்கு உங்களுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறது, நீங்கள் இன்னும் விண்ணப்பிக்கவில்லை, இத்தனையாம் தேதியோடு முடிகிறது, கீழே உள்ள இணைப்பை அழுத்துங்கள் என்று இருக்கும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வரியும் வரும்: "ஒய் என்று பதில் அனுப்பி, மெசேஜை மூடித் திறந்தால் இணைப்பு வேலை செய்யும்." தெரியாத எண்ணிலிருந்து வரும் இணைப்பை ஐபோன் முடக்கியே வைக்கிறது. பதில் அனுப்பினால் அந்தப் பூட்டைத் திறந்துவிடுவது நீங்கள்தான். அதற்காகத்தான் அந்த வரி.

மெசேஜைப் பற்றித் தெரிய வேண்டியது இதுதான்: வின்டர் ஃபியூவல் பேமென்ட் என்ற அந்தக் குளிர்கால உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அந்தத் துறை மெசேஜோ மின்னஞ்சலோ அனுப்புவதில்லை. பணம் தானாக வங்கிக் கணக்கில் விழும். அதற்கு முன் அக்டோபர் அல்லது நவம்பரில் தபாலில் ஒரு கடிதம் வரும். வங்கி அறிக்கையில் உங்கள் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணும் (பிரித்தானியச் சமூகக் காப்பீட்டு எண்) அதையடுத்து டிடபிள்யூபி டபிள்யூஎஃப்பி (DWP WFP) என்ற எழுத்துகளும் இருக்கும். கேட்டுத்தான் வாங்க வேண்டிய சிலர் உண்டு, உதாரணமாக அரச ஓய்வூதியத்தைத் தள்ளிப்போட்டவர்கள். அவர்களும் தபாலில் அல்லது 0800 731 0160 என்ற எண்ணில் தாங்களாகவே கேட்க வேண்டும். 2025-26 குளிர்காலத்துக்கான கடைசி நாள் 2026 மார்ச் 31.

வெளிநாட்டில் வசிப்பவருக்கு இந்தப் பணம் இப்போது கிடையவே கிடையாது. 2025-26 குளிர்காலத்துக்கு, செப்டம்பர் 15 முதல் 21 வரையான தகுதி வாரத்தில் இங்கிலாந்திலோ வேல்ஸிலோ வழக்கமாகக் குடியிருந்திருக்க வேண்டும். 1959 செப்டம்பர் 22க்கு முன் பிறந்திருக்க வேண்டும். ஸ்கொட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனி ஏற்பாடு. ஆகவே ஸ்பெயினில் இருப்பவருக்கு "உங்கள் பங்கு காத்திருக்கிறது" என்று யார் சொன்னாலும் அது பொய்.

ஆனாலும் ஆட்கள் நம்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் விதிகள் அந்த அளவுக்கு மாறியிருக்கின்றன. ஒரு காலத்தில் ஐரோப்பிய நாடுகளில் குடியேறியவர்களுக்கும் இது உண்மையாகவே கிடைத்தது. 2015 குளிர்காலத்தில் வெப்பநிலைச் சோதனை என்று ஒன்று கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியின் குளிர்காலச் சராசரி 5.6 பாகை செல்சியஸ், அதைவிடச் சூடான நாடுகளுக்கு நிறுத்தம். ஸ்பெயின், போர்த்துகல், கிரேக்கம், சைப்ரஸ், மால்டா, ஜிப்ரால்டர், இவற்றோடு பிரான்ஸும். பிரான்ஸின் சராசரியில் கரீபியன் கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் உள்ள அதன் தீவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் பனிக்குள் இருந்தவருக்கு அது பெரிய அநியாயம். 2024 ஜூலையில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், வருமானம் குறைந்த ஓய்வூதியர்களுக்கான பென்ஷன் கிரெடிட் போன்ற உதவி பெறுபவர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார். 2025 ஜூனில் அதைக் கைவிட்டு, எல்லா ஓய்வூதியர்களுக்கும் கொடுத்து, ஆண்டு வருமானம் 35,000 பவுண்டுக்கு மேல் உள்ளவர்களிடம் மட்டும் வரி வழியாகத் திரும்பப் பெறுவது என்றானது. பத்து ஆண்டுக்குள் இத்தனை திருப்பம் என்றால், "மறுபடியும் மாற்றிவிட்டார்கள், இப்போது உங்களுக்கும் உண்டு" என்ற வரியை யார்தான் சந்தேகிப்பார்? மோசடிக்காரர் நுழைவது இந்தக் குழப்பத்தின் வழியாகத்தான்.

இணைப்பை அழுத்தினால் அரசாங்கத் தளம் போலவே ஒரு பக்கம் திறக்கும். பெயர், பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி எண் என்று போய், கடைசியில் வங்கி அட்டையின் முன்பக்க நீண்ட எண், முடிவு தேதி, பின்பக்க மூன்று இலக்கம் ஆகியவற்றைக் கேட்கும். கை நிற்க வேண்டிய இடம் அது. ஒருவருக்குப் பணம் போட சோர்ட் கோடும் (வங்கிக் கிளை எண்) கணக்கு எண்ணும் போதும். அட்டை எண்ணும் அந்த மூன்று இலக்கமும் பணம் எடுப்பதற்குத்தான் வேண்டும்.

அதன் பிறகு தொலைபேசிக்கு ஓர் ஓடிபி வரும். "உறுதிப்படுத்த அதை இங்கே இடுங்கள்" என்று பக்கம் சொல்லும். அந்த நேரத்தில் மறுபக்கத்தில் ஒருவர் உங்கள் அட்டையைத் தன் தொலைபேசியில் ஆப்பிள் பே அல்லது கூகுள் பேயில் ஏற்றிக்கொண்டிருப்பார். ஓடிபியைக் கொடுத்ததும் உங்கள் அட்டை அவர் கையில் இருப்பதுபோல ஆகிவிடும். வங்கியின் மெசேஜை முழுதாக வாசித்தால், டிஜிட்டல் வாலட்டில் சேர்ப்பதற்கான எண் இது என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். அவசரத்தில் ஆறு இலக்கத்தை மட்டும் பார்ப்பதால்தான் அது கண்ணில் படுவதில்லை.

கொடுத்துவிட்டீர்கள் என்றால், அட்டையின் பின்னால் உள்ள எண்ணுக்கு உடனே அழையுங்கள். பிரித்தானியாவுக்குள் உங்கள் வங்கியோடு இணைக்கும் 159 என்ற எண்ணும் உண்டு, வெளிநாட்டிலிருந்து அதை நம்பி இருக்க வேண்டாம். "அட்டையை நிறுத்துங்கள்" என்று மட்டும் சொன்னால் போதாது. "டிஜிட்டல் வாலட்டுகளில் என் அட்டை ஏறியிருக்கிறதா என்று பார்த்து, எல்லாவற்றையும் நீக்குங்கள்" என்று தனியாகக் கேளுங்கள். பலர் இதில்தான் இரண்டாம் முறை அடிபடுகிறார்கள்: புதிய அட்டை வரும்போது பழைய வாலட் பதிவு தானாகவே புதிய அட்டையோடு இணைந்து தொடர்ந்து வேலை செய்யக்கூடும்.

சில நாள் கழித்து "உங்கள் வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவு" என்று ஒரு அழைப்பும் வரலாம். நீங்கள் கொடுத்த விவரங்களே அவர்களிடம் இருப்பதால் முகவரி, பிறந்த தேதி எல்லாம் சரியாகச் சொல்வார்கள். கணக்கு ஆபத்தில் இருக்கிறது, பணத்தைப் பாதுகாப்பான கணக்குக்கு மாற்றுங்கள் என்பார்கள். எந்த வங்கியும் அப்படிக் கேட்காது. 2024 அக்டோபர் 7 முதல், இப்படி ஏமாந்து நீங்களே அனுப்பிய பணத்தை வங்கிகள் 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆனால் அது பிரித்தானியக் கணக்கிலிருந்து பிரித்தானியக் கணக்குக்குப் போன பணத்துக்கு. ஸ்பெயினிலோ இலங்கையிலோ உள்ள கணக்குக்கு அனுப்பியது அந்த விதிக்குள் வராது.

மெசேஜ் மட்டும் இல்லை, வீட்டு வாசலுக்கும் வருகிறார்கள். ஸ்பெயினில் அலிகான்டே, மலகா பக்கத்துக் கரையோர வீடுகள் கோடைக்காகக் கட்டியவை. டைல் தரை, மெல்லிய சுவர், மத்திய வெப்பமூட்டல் கிடையாது. ஜனவரியில் வெளியே வெயில் அடிக்கும்போதும் உள்ளே கால் விறைக்கும். அதனால் 12.5 கிலோ பியூட்டேன் சிலிண்டரில் ஓடும் ஹீட்டரைத்தான் பலர் நம்பியிருக்கிறார்கள். சீருடையும் அடையாள அட்டையுமாக ஒருவர் வந்து, கட்டாயப் பரிசோதனை என்று சொல்லி, ரப்பர் குழாயையும் ரெகுலேட்டரையும் கழற்றி, "காலாவதியாகிவிட்டது, இது ஆபத்து" என்று புதிதாகப் பூட்டிவிட்டுப் பெரிய தொகையைக் கையில் கேட்பார். தனியாக இருக்கும் முதியவர், மொழி தெரியாதவர் என்றால் கொடுத்துத்தான் அனுப்புவார்.

உண்மை நிலை வேறு. ஒரே சிலிண்டரோடு நகர்த்தக்கூடிய ஹீட்டருக்கு அந்தக் கட்டாயப் பரிசோதனையே கிடையாது. வீட்டில் நிலையாகப் பொருத்திய சிலிண்டர் இணைப்பை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதிப்பது கட்டாயம்தான், ஆனால் ஆளை அழைக்க வேண்டியது வீட்டுக்காரர். அழைக்காமல் யாரும் வரமாட்டார்கள். குழாய் வழி வரும் எரிவாயு என்றால் விநியோக நிறுவனம் முன்கூட்டியே கடிதம் அனுப்பும், கட்டணம் பில்லில் சேரும், கையில் காசு வாங்காது. குழாயின் மேலேயே காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும், நீங்களே பாருங்கள். தேதி தாண்டியிருந்தால், சிலிண்டர் வாங்கும் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றவரை நீங்களாகக் கூப்பிடுங்கள். வாசலில் நிற்பவரை உள்ளே விட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

மின்சாரத்திலும் இதே கதை. ஸ்பெயினில் வருமானம் குறைந்தவர்களுக்கு போனோ சோசியால் என்ற மின்கட்டணத் தள்ளுபடி உண்டு. அது இருப்பவர்களுக்குக் குளிர்கால வெப்பச் செலவுக்கான போனோ டெர்மிகோ தனி விண்ணப்பம் இல்லாமலே வரும். ஆனால் இவை பிவிபிசி என்ற ஒழுங்குபடுத்திய கட்டணத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே. "உங்கள் பில்லைக் குறைத்துத் தருகிறோம்" என்று அழைக்கும் விற்பனையாளர் உங்களைச் சந்தைக் கட்டணத்துக்கு மாற்றிவிட்டால் இரண்டும் போய்விடும். பில்லில் இஎஸ் (ES) என்று தொடங்கும் நீண்ட கப்ஸ் எண்ணைத்தான், அதாவது உங்கள் மின் இணைப்பின் அடையாள எண்ணைத்தான், அவர் கேட்பார். அதை வாசித்துச் சொல்லாதீர்கள். மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் எழுத்தில் ரத்து செய்யலாம்.

யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ திரும்பிக் குடியேறும் நம்மவர்களுக்கு மட்டும் ஒன்று. "மகனின் லண்டன் முகவரியையே வைத்திருங்கள், வின்டர் ஃபியூவலும் வரும்" என்று ஆலோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். கேட்காதீர்கள். 200 பவுண்டு, 80 வயதானால் 300. அதற்காக வசிப்பிடத்தை மறைத்தால், இலங்கையிலும் இந்தியாவிலும் ஆண்டு உயர்வு இல்லாமல் உறைந்திருக்க வேண்டிய ஓய்வூதியமும் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகும். கண்டுபிடிக்கும் நாளில் அத்தனை ஆண்டு வித்தியாசத்தையும் கேட்பார்கள், மோசடி வழக்கும் வரலாம். ஓய்வூதியத்தை உறைய வைப்பது அநியாயம்தான்: முழுப் புதிய ஓய்வூதியத்துக்கு 2026 ஏப்ரல் உயர்வு வாரம் 230.25 பவுண்டிலிருந்து 241.30, அந்த ஓர் உயர்வு மட்டுமே ஆண்டுக்கு 574 பவுண்டுக்கு மேல். ஆனாலும் முகவரியை மறைப்பது அதற்கு வழியல்ல. பிரித்தானியாவிலேயே குடியிருந்து ஊருக்குப் போய் வருபவர் என்றால் தகுதி வாரத்தில் விடுமுறையில் இருந்தது வின்டர் ஃபியூவலைப் பாதிக்காது. பென்ஷன் கிரெடிட் மட்டும் பொதுவாக நான்கு வாரத்துக்கு மேல் வெளியே இருந்தால் நின்றுவிடும். பயணத்துக்கு முன் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு பயந்த பிறகு சிலர் உண்மையான கடிதத்தையும் கிழித்துப் போடுகிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு லைஃப் சர்டிஃபிகேட், அதாவது உயிரோடிருப்பதற்கான சான்றுப் படிவம், தபாலில் வரும். அதில் உறவினர் அல்லாத தகுதியான ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். 16 வாரத்துக்குள் திருப்பி அனுப்பாவிட்டால் ஓய்வூதியமே நின்றுவிடலாம். அது அட்டை எண்ணைக் கேட்காது, இணைப்பை அழுத்தச் சொல்லாது. சந்தேகம் இருந்தால் கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, சர்வதேச ஓய்வூதிய மையத்தின் +44 191 218 7777 என்ற எண்ணுக்கு அழைத்து, நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, படிவம் அவர்கள் அனுப்பியதா என்று கேளுங்கள்.