"அஞ்சுதான் வருது சார்" என்று காட்டி 300 எம்பிபிஎஸ் வேக இன்டர்நெட் விற்கிறார்கள், உஷார்

மதுரையில் அப்பா, அம்மா இருவர் மட்டும் இருக்கிற வீடு. 40 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 40 மெகாபிட் வேக இன்டர்நெட் இணைப்பு. படுக்கையறையில் வீடியோ கால் திக்கித் திக்கி வருகிறது என்று அப்பா புகார் சொல்ல, இணைப்பு கொடுத்த இடத்திலிருந்து ஓர் ஆள் வந்திருக்கிறார். ஹாலில் உட்கார்ந்து, லேப்டாப்பில் பெரிய ஃபைல் ஒன்றை டவுன்லோடு போட்டு, ஓரத்தில் ஓடிய எண்ணைக் காட்டி, "பாருங்க சார், அஞ்சுதான் வருது. 300 போட்டாத்தான் சரியாகும்" என்றாராம். ஒரு வருடப் பணம் மொத்தமாகக் கைமாறியது. சொன்ன விலைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனி.

அந்த அஞ்சு, மெகாபைட் கணக்கு. ஒரு பைட்டுக்கு எட்டு பிட். அஞ்செட்டு நாற்பது. காசு கொடுத்த 40 எம்பிபிஎஸ் ஒரு பொட்டு குறையாமல் வந்துகொண்டிருந்திருக்கிறது! தினம் இதே வேலை பார்ப்பவருக்கு இது தெரியாதாம், நம்புவோம்.

300 வந்த பிறகும் படுக்கையறையில் அதே திக்கல்தான். வைஃபை ரவுட்டர் ஹாலில் இருக்கிறது, நடுவில் இரண்டு சுவர், சிக்னல் மங்கிவிடுகிறது. கேபிள் இழுத்து அந்த அறையில் இன்னொரு ரவுட்டர் வைத்ததும் பிரச்சினை தீர்ந்தது. இதைவிடக் கொடுமை, அவர்கள் மாட்டியிருக்கும் மோடத்தில் வயர் சொருகும் போர்ட் 100 எம்பிபிஎஸ் வரைக்குமானது. வயரைச் சொருகிச் சோதித்தாலும் தொண்ணூற்றுச் சொச்சத்தோடு நின்றுவிடுகிறது. மீதி 200 எந்த வழியாக வரும்?

முழு எச்டி படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 5 எம்பிபிஎஸ், 4கே என்றால் 15. இருவர் பேசும் வீடியோ காலுக்கு இரண்டு மூன்று தாராளம். அப்பா 4கே படம் பார்க்க, அம்மா பேத்தியோடு பேசிக்கொண்டிருந்தாலும் 20-ஐத் தாண்டாது. நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பார்க்கிற வீடு, கனமான கேம்களை இறக்குகிற பிள்ளைகள் என்றால் 100 வாங்குவதில் அர்த்தம் உண்டு.

பழைய பிளானுக்கு மாற்றுங்கள் என்றால் "வருட ஆஃபர், குறைக்க முடியாது" என்கிறார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறோம்.

ஊரில் பெற்றோர் தனியாக இருந்தால் இன்றே சொல்லி வையுங்கள்: யார் வந்து வேகம் குறைவு என்றாலும், லேப்டாப்பில் வயரைச் சொருகி, எம்பிபிஎஸ் கணக்கில் ஸ்பீட் டெஸ்ட் எடுத்துக் காட்டச் சொல்லணும். அதுவரை பணம் கிடையாது. அப்புறம், எத்தனை ஜிபி தாண்டினால் வேகத்தைக் குறைப்பார்கள் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.