உம்மாக்கு வாங்கின கழுவுற பேட் – பாவிச்சுப் பாத்து எழுதுறன்

கட்டில்ல விரிக்கிற துணி பேட் ஒண்டு வருது, மேல மெத்தெண்ட துணி, அடியில தண்ணி இறங்காத மாதிரி ஒரு படை, கழுவிக் கழுவி பாவிக்கலாம். கல்முனைல ஒரு பாமசில வாங்கினம். ஒண்டுக்கு அடக்க ஏலாத வயசான ஆக்கள வீட்டுல வெச்சிப் பாக்கிறவங்க முதல்ல வாங்க வேண்டிய சாமான் இதுதான், பம்பஸ் (பெரியாக்களுக்குக் கட்டுற டயப்பர்) இல்ல.

ஏனெண்டா எங்கட உம்மா பிடிச்சிப் பிடிச்சி நடப்பாங்க. இரவு பகலா பம்பஸ கட்டி விட்டா அந்த நடையும் போயிரும். பகல்ல ரெண்டு மூணு மணித்தியாலத்துக்கு ஒருக்கா "வாங்க உம்மா, போயிட்டு வருவம்" எண்டு நாங்களே கூட்டிட்டுப் போறம், இரவைக்குத்தான் பேட், நனைஞ்சா அத மட்டும் உருவி எடுத்துட்டு வேற ஒண்ட விரிச்சா சரி, மெத்தை தப்பிரும், நடுச்சாமத்துல அவங்களையும் பாடுபடுத்தத் தேவல்ல.

கழுவக்க வாசத்துக்கு ஊத்துற சொப்ட்னர் போடாதீங்க, துணி உறிஞ்சிற தன்மை போயிரும். கச்சான் காத்து அடிக்கிற வெயில் காலத்துல கெதியா காஞ்சிரும். மாரிலதான் கஷ்டம், பேட் தடிப்பு, லேசில காயாது, அதால மழைக்கு முதலே ஒண்டு ரெண்டு கூட எடுத்து வைங்க.

கிளினிக்குக்கு, பயணத்துக்கு பம்பஸ் வேணும்தான். நடக்கிறவங்களுக்கு ஜட்டி மாதிரி இழுத்துப் போடுறது, படுத்த படுக்கைக்கு டேப் ஒட்டுறது. இடுப்பளவு எடுத்துட்டுப் போய் வாங்குங்க, லூசா இருந்தா பக்கத்தால ஒழுகும். பொம்புளைகள முன்னால இருந்து பின்னால துடைக்கணும், ஈரம் ஒத்தி எடுத்துட்டு சிங்க் ஒக்சைட் கிரீம் பூசினா தோல் புண்ணாகாது.

உம்மாட பெரிய கவல தொழுகைதான். மௌலவிட்ட கேட்டம், வக்து (தொழுகை நேரம்) வந்த பிறகு சுத்தம் பண்ணி, புதுசு மாத்தி, ஒவ்வொரு பர்ளுக்கும் (கட்டாயத் தொழுகைக்கும்) ஒளு எடுத்து, அதாவது கை கால் முகம் கழுவி, தொழச் சொன்னார். அதக் கேட்ட பிறகுதான் உம்மாட முகம் தெளிஞ்சது.

இன்னொண்டு, பயத்துல தண்ணி குடிக்கிறத குறைக்க விடாதீங்க. மூத்திரம் கடுமையாகி பை இன்னும் எரியும், மலமும் இறுகும், அதுவும் ஒழுக்க கூட்டும். முதல்ல இந்தப் பிரச்சினை இல்லாதவங்களுக்கு திடீரெண்டு ஒழுகத் தொடங்கினா கிருமி இருக்கா எண்டு டொக்டர்ட்ட காட்டணும், மூத்திரம் கூடப் போக வெக்கிற குளிசை போடுறாங்களெண்டா அதயும் சொல்லுங்க.

பேட்டுல குறை எண்டா அகலம் காணாது, உம்மா புரண்டா ஒதுங்கிரும். ரெண்டு பக்கமும் மெத்தைக்கு கீழ செருகிற மாதிரி நீட்டுத்துணி வெச்சதும் வருது, அதக் கேட்டு வாங்குங்க.