மயூர் விகார் மாடியில் ஒரு வெளியுறவு வகுப்பு: யாருக்குப் பயன்படும்?

தில்லியில் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தேர்வைக் கணக்கில் கொள்ளாமல், ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கை அமைதிக்கும் பாதுகாப்புக்கும் மனித உரிமைக்கும் என்ன செய்ய முடியும் என்பதைத் தமிழிலேயே பேசும் வகுப்பு அரிது. மயூர் விகார் முதல் ஃபேஸில் ஒரு வீட்டின் மாடியில் சனிக்கிழமை மாலைகளில் அப்படியொரு வகுப்பு நடக்கிறது. எட்டு வாரத்துக்குக் கட்டணம் 3,500 ரூபாய். நடத்துபவர் வெளியுறவுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். அண்மையில் முடிந்த பேட்ச்சில் ராஜிந்தர் நகரில் தங்கிப் படிக்கும் இளைஞர்கள், மத்திய அரசு ஊழியர்கள், ஓய்வூதியர்கள் என எல்லோரும் கலந்திருந்தோம்.

பாடத்தை அவர் தொடங்கிய இடம் எனக்குப் பிடித்திருந்தது. அரசியலமைப்பின் 51ஆவது பிரிவை எடுத்துக்கொண்டு, உலக அமைதியையும் பாதுகாப்பையும் வளர்க்க முயல வேண்டும், பன்னாட்டுச் சட்டத்தை மதிக்க வேண்டும், பூசல்களை நடுவர் மூலம் தீர்ப்பதை ஊக்குவிக்க வேண்டும் என்று அது அரசுக்குச் சொல்வதைப் படித்துக் காட்டினார். இது நெறிமுறைக் கோட்பாடுகளில் ஒன்று என்பதால், எந்த நீதிமன்றமும் இதை நிறைவேற்றச் சொல்லி அரசைக் கட்டாயப்படுத்த முடியாது. அப்படியானால் எதற்கு இது என்று ஒருவர் கேட்டதற்கு, இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இடையிலான வங்காள விரிகுடா கடல் எல்லை வழக்கை எடுத்துச் சொன்னார். 2014 ஜூலையில் நடுவர் மன்றம் அளித்த தீர்ப்பில், தகராறுக்குரிய 25,602 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பில் 19,467 வங்கதேசத்துக்குப் போனது. பெரிய நாடான இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. பலமுள்ளவன் தனக்குப் பாதகமான தீர்ப்பை ஏற்கும்போதுதான் அண்டை வீட்டுக்காரனுக்கு நம்பிக்கை பிறக்கிறது என்பது அவர் வாதம். மறுக்க எனக்கும் காரணம் தெரியவில்லை.

வகுப்பின் உச்சம் அதற்கடுத்த வாரம் வந்தது. வங்கதேசத்துக்குள் இந்தியாவின் 111 நிலத்திட்டுகளும், இந்தியாவுக்குள் வங்கதேசத்தின் 51 திட்டுகளும் இருந்த வரைபடத்தை மேசைமீது விரித்தார். அதில் தஹாலா காக்ராபாரி என்ற ஒரு துண்டு நிலத்தின்மேல் பென்சிலை வைத்து, வெளியே நோக்கி வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டினார். அது இந்திய நிலம். அதைச் சூழ்ந்தது வங்கதேச நிலம். அதைச் சூழ்ந்தது மீண்டும் இந்தியத் திட்டு. அதற்கும் வெளியே வங்கதேசம். பரப்பு சுமார் 7,000 சதுர மீட்டர்தான். திட்டுகளில் வாழ்ந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு எந்த நாட்டின் காவல் நிலையமோ, பள்ளியோ, ரேஷன் அட்டையோ உரிமையோடு கிடைக்கவில்லை. 1974இல் இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும் ஒப்பமிட்ட உடன்பாடு, 100ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு 2015 ஜூலை 31 நள்ளிரவில்தான் நடைமுறைக்கு வந்தது. இருக்கும் இடத்திலேயே குடியுரிமை பெறுவதா, எல்லை தாண்டிப் போவதா என்று அந்த மக்களே தேர்ந்தெடுக்க முடிந்தது என்பதுதான் இதில் முக்கியமானது. எல்லையும் தெளிவானது, பூசலுக்கான காரணமும் குறைந்தது, நாடற்றவர் நாடு பெற்றனர். அமைதி, பாதுகாப்பு, உரிமை மூன்றும் ஒரே செயலில் நடந்ததைக் காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் அவர் கையில் வேறு இல்லை.

ஐ.நா. அமைதிப் படை பற்றிய வகுப்பு சுமார். 2007இல் லைபீரியாவுக்கு இந்தியா அனுப்பிய, முழுவதும் பெண்களைக் கொண்ட காவல் பிரிவு ஐ.நா. வரலாற்றில் அவ்வகையில் முதலாவது என்ற செய்தியைத் தவிர, மற்றதெல்லாம் நாளிதழில் கிடைப்பதே.

குறை சொல்ல வேண்டிய இடம் மனித உரிமைப் பகுதி. எட்டு வாரத்தில் அதற்கு ஒதுக்கியது ஒரே ஒரு மாலை. தமிழர்களுக்காகத் தமிழில் நடத்தும் வகுப்பில், 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தைச் சில நிமிடங்களில் கடந்துபோனது சரியல்ல. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரு அரசுகளும் பிரித்துக்கொண்டன. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டன. கூடலூர் அருகே தாயகம் திரும்பியோருக்கான தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த ஒரு பெண் வகுப்பில் இருந்தார். "சார், எங்க தாத்தாகிட்ட யாராவது கேட்டாங்களா?" என்றார். "அன்றைக்கு உறவு கெடாமல் இருப்பதுதான் முதல் கவலையாக இருந்தது, அம்மா" என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் பொய் இல்லை, ஆனால் அதோடு நிறுத்தியிருக்கக் கூடாது. நிலத்திட்டு மக்களுக்குக் கிடைத்த தெரிவு மலையகத்தாருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசியிருந்தால், அந்த ஒரு மாலையே கட்டணத்துக்கு ஈடாகியிருக்கும்.

ஜெனீவா வாக்குகளைப் பற்றியும் அப்படித்தான். அங்குள்ள ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சிலில் 2009இல் இலங்கைக்குச் சாதகமான தீர்மானத்தை ஆதரித்த இந்தியா, 2012, 2013ஆம் ஆண்டுகளில் இலங்கைக்கு எதிராக அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானங்களை ஆதரித்து, 2014இல் வாக்களிக்காமல் விலகியது. ஆண்டு வாரியாகப் பட்டியல் வந்தது. சென்னையின் அழுத்தமும் கொழும்பில் சீனாவின் வரவும் அந்த முடிவுகளில் எப்படி மோதின என்ற விளக்கம் வரவில்லை. மாறாக, விருந்தினராக வந்த வழக்கறிஞர் ஒருவர், சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டும் இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை, அதாவது அதற்குக் கட்டுப்படுவதாக முறைப்படி ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும், 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேரவே இல்லை என்பதையும் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அவருக்குக் கிடைத்தது முக்கால் மணி நேரம்தான்.

வகுப்பு தமிழில் நடந்தாலும் கையில் தந்த தாள்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. வரைபட நகல்கள் மங்கலாக இருந்ததால், திட்டுகளையும் ஆறுகளையும் பிரித்தறிய முடியவில்லை. இடைவேளையில் தரும் ஃபில்டர் காபியைக் குறை சொல்ல முடியாது. எல்லைப் பேச்சு, நடுவர் தீர்ப்பு, உடன்படிக்கைகளின் நடைமுறை ஆகியவற்றை உள்ளிருந்து பார்த்தவர் வாயால் கேட்க விரும்புவோர் தாராளமாகச் சேரலாம். அகதிகள், நாடற்றோர் பற்றித் தெரிந்துகொள்ளவே வருபவர்கள், அடுத்த பேட்ச்சில் அந்த வழக்கறிஞருக்கு எத்தனை வகுப்பு என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுவது நல்லது. முதல் வாரத்துக்குப் பிறகு கட்டணத்தைத் திருப்பித் தருவதில்லை.