‘ஒரே அடியில் இழுத்துத் தர்றேன் அண்ணே’ என்று சொல்கிறவரிடம் டை செய்யக் கொடுக்காதீர்கள்

பித்தளைத் தகடு அடிக்கிறவர்கள், டை செட்டு (தகட்டை அழுத்தி உருவம் எடுக்கிற எஃகு அச்சு) செய்யக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். பதிவு நீளம்தான். முப்பதாயிரம் போன கதை நாலு வரியில் அடங்க மாட்டேன் என்கிறது.

எனக்குக் காரைக்குடியில் சின்னப் பட்டறை. அப்பா காலத்தில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் ஓட்டை அடைப்பதும்தான் வேலை. அது படுத்த பிறகு நான் பழைய வீட்டுக் கதவுகளுக்கான பித்தளைச் சாமான் பக்கம் வந்துவிட்டேன், குமிழ், தாழ்ப்பாள் பட்டை, கீல் மூடி இந்த மாதிரி. முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் ஒன்றிரண்டு குமிழ் அழகழகாகக் கிடைக்கும், ஆனால் ஒரே அளவில் இருபது கேட்டால் கிடைக்காது, அந்த இடைவெளிதான் என் பிழைப்பு. கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் மராமத்து நடந்தது. அந்த வீட்டு ஆச்சி பழைய குமிழ் ஒன்றைக் கழற்றிக் கையில் கொடுத்து, “இதே மாதிரி 240 வேணும் தம்பி, பழசு எது புதுசு எதுன்னு எனக்கே தெரியக் கூடாது” என்றார். குமிழ் என்றாலும் உள்ளே வெற்று, தகட்டில் இழுத்த கிண்ணம்தான், கவிழ்த்து மரத்தில் அடித்திருக்கிறார்கள். விட்டம் 40 மி.மீ., உயரம் 30, தகடு 20 கேஜ், அதாவது 0.9 மி.மீ. சொச்சம். வார்த்தால் கனம் கூடிவிடும், லேத்தில் அழுத்தி எடுத்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும். பிரஸ்ஸில் டை போட்டு இழுப்பதுதான் வழி, அதாவது பஞ்சு என்கிற எஃகுத் தண்டு வட்டத் தகட்டை டையின் துளைக்குள் தள்ளிக் கிண்ணமாக்கும்.

எனக்குப் பிரஸ் ஓட்டத் தெரியும், டை செய்யத் தெரியாது. ஒரு விளம்பரத்தைப் பார்த்து ஒருவரைப் பிடித்தேன், இல்லை, அவர் என்னைப் பிடித்தார். ஊரும் பெயரும் எழுதவில்லை, வழக்கு போகப்போகிறது, வக்கீல் வேண்டாம் என்றார். பேச்சு தேன். “அண்ணே, மத்தவன் ரெண்டு டை கேப்பான், நான் ஒரே அடியில இழுத்துத் தர்றேன், அப்புறம் அளவு சரிபண்ண ஒரு சைஸிங் டை, மொத்தமே 46,000.” நான் முன்பு விசாரித்த இடத்தில் எழுபதைத் தாண்டியது. ஆசை யாரை விட்டது?

இங்கேதான் நான் பேனாவை எடுத்திருக்க வேண்டும். கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கிண்ணத்தின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கினால் 1600, விட்டத்தையும் உயரத்தையும் பெருக்கி நாலால் பெருக்கினால் 4800, கூட்டினால் 6400, அதன் வர்க்கமூலம் 80. ஆக 80 மி.மீ. வட்டத் தகடு வெட்ட வேண்டும், அதை 40க்கு இழுக்க வேண்டும். பாதிக்குப் பாதி! நல்ல பித்தளை, நல்ல எண்ணெய், தகட்டைச் சுற்றிப் பிடிக்கிற வளையத்தின் அழுத்தம் எல்லாம் கச்சிதமாகச் சேர்ந்தால் அது எல்லையில் நிற்கிற வேலை, எங்கள் மாதிரிப் பட்டறையில் நம்பிச் செய்ய முடியாது. முதல் இழுப்பில் விட்டத்தில் 40 சதவீதம் குறைப்பதே தாராளம். 80ஐ 48க்கு இழுத்து, பதம் இறக்கி (சூடேற்றி இளக்கி), பிறகு 48ஐ 40க்கு இழுத்தால் தகடு முனகாமல் வரும். தோட்டாக் கூடு செய்கிற தொழிற்சாலையிலேயே ஒரே அடி கிடையாது. முதலில் கிண்ணம் அடிப்பார்கள், காய்ச்சுவார்கள், இழுப்பார்கள், மறுபடி காய்ச்சி மறுபடி இழுப்பார்கள். தாமிரம் 70, துத்தநாகம் 30 கலந்த பித்தளைக்குக் கார்ட்ரிட்ஜ் பிராஸ் என்றே பெயர் வந்தது அந்த வேலையால்தான். அவ்வளவு வளைந்து கொடுக்கிற உலோகத்துக்கே அத்தனை படி. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது பணம் போன பிறகு.

சரி, டை வந்தது. அதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது, பளபளவென்று முகம் பார்க்கலாம் போல. கூடவே ஒரு சோதனைச் சான்றிதழின் படம், டி2 என்கிற டைக்கான எஃகு, கடினம் ராக்வெல் அளவில் 60 என்று. பில் கேட்டேன். “பில் போட்டா 18 சதவீதம் ஜிஎஸ்டி ஏறும், உங்களுக்கு எதுக்குண்ணே” என்றார். முப்பதாயிரத்தை அவர் சொன்ன எண்ணுக்கு அனுப்பினேன், திரையில் வேறு யாரோ ஒருவர் பெயர் வந்தது, அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பெட்டியில் வந்தது போட்டோவில் இருந்த டை இல்லை. வாய்ப்பகுதியில் லேத் உளி போன வரி விரல் நகத்துக்குத் தட்டியது. இழுக்கிற டைக்கு வாய் விளிம்பு உருண்டையாக, தகட்டின் கனத்தைப் போல ஐந்தாறு மடங்கு ஆரத்தில் வழவழப்பாக இருக்க வேண்டும். இதில் ஒரு மில்லிமீட்டர் கூட உருட்டவில்லை, கத்தி மாதிரி நின்றது. டைக்கும் பஞ்சுக்கும் நடுவில் பக்கத்துக்கு 0.9 விட்டிருந்தார். தகடே 0.9. இழுக்கும்போது கிண்ணத்தின் மேல் விளிம்பு கனம் ஏறும், அதனால் தகட்டைவிடப் பத்து சதவீதமாவது கூடுதலாக இடம் விட வேண்டும், இல்லையென்றால் உள்ளேயே சிக்கி உரசும்.

அரத்தை எடுத்து டையின் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். 60 ராக்வெல் எஃகு என்றால் அரம் கண்ணாடி மேல் போவது போல வழுக்கிக்கொண்டு போகும், சத்தமே வேறு. இது கரகரவென்று கடித்தது, தூள் கொட்டியது. மேலே மட்டும் கறுப்பாக எண்ணெயில் சுட்டுப் பூச்சு காட்டியிருக்கிறார்கள், உள்ளே சாதா மெத்து இரும்பு (எம்எஸ்). ஐந்து நிமிட வேலை இந்த அரச் சோதனை, எங்கே போனாலும் ஒரு சின்ன அரத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், டை செய்கிறவர் முகம் சுளித்தால் அங்கேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

அப்படியும் விடாமல் ஓட்டிப் பார்த்தேன், போட்ட காசுக்கு ஏதாவது வராதா என்று. முதல் பத்தில் எட்டு அடியில் கிழிந்தது, தட்டு தனி வளையம் தனியாக. வாயை நானே எமரி போட்டு உருட்டி, சோப்புக் கரைசலும் எண்ணெயும் மாற்றி மாற்றித் தடவியதில் ஐம்பது அறுபது அடித்து முப்பத்தைந்து முழுசாகத் தேறின. அதற்குள் டையின் உள் சுவரில் பித்தளை அப்பிக்கொண்டு, அடுத்து வந்த ஒவ்வொரு கிண்ணத்திலும் நெட்டுக்குத்தாகக் கோடு கிழித்தது. சைஸிங் டை இன்னொரு வேடிக்கை. பித்தளை அச்சை விட்டு வெளியே வந்ததும் துளி விரியும், அதற்காகத் துளையை ஒரு மயிரிழை குறைத்துக் கடைய வேண்டும். இவர் 40 கேட்டால் சரியாக 40 கடைந்திருந்தார், கிண்ணம் 40ஐத் தாண்டி வந்தது. அளவு சரிபண்ணுகிற டையே அளவு தப்பு.

தகடும் அவரிடமே வாங்கியிருந்தேன், “70/30 சுத்தச் சரக்கு” என்று. சந்தேகப்பட்டுத் தெரிந்த நகைக்கடையில் காரட் பார்க்கிற மெஷினில் ஒரு துண்டை வைத்துப் பார்த்தோம். தாமிரம் 60ஐத் தொடவில்லை, ஈயம் ஒன்றரைக்கு மேல். அது லேத்தில் திருகாணி கடைய அருமையான சரக்கு, சீவல் பொலபொலவென்று உதிரும், அதே குணம் இழுப்பு வேலைக்கு எமன். நகைக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே, “அடகு வைக்க வந்தியாப்பா” என்றார்.

போன் போட்டால் ஆரம்பத்தில் எடுத்தார். “டை நல்ல டைண்ணே, உங்க பதம்தான் தப்பு.” பிறகு எடுக்கவில்லை. பிறகு ப்ளூ டிக்கும் வரவில்லை.

இப்போது என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் கதை நியாயமாக இருக்காது. தேறிய முப்பத்தைந்தைச் சாக்கில் கட்டிப் பின்கட்டில் போட்டேன், சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டுக் கொட்டில். ஐப்பசி மழை. மூன்று வாரம் கழித்து அவிழ்த்தால் பதினொன்று தானாகவே விளிம்பிலிருந்து கீழ்நோக்கிப் பிளந்து கிடந்தன, யாரும் தொடவில்லை. அதைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன், முட்டாள்தனம். அதற்கு மட்டும் உடனே பதில் வந்தது, “பாத்தீங்களா, பதம் தப்புன்னு அப்பவே சொன்னேன்.” அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாதி உண்மை அதுதான்.

எங்கள் தெருவில் சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். காரைக்குடிக்காரர்களுக்குச் சிக்ரி என்றால் சொல்ல வேண்டாம், மின்வேதியியல் ஆய்வகம், 1953இல் திறந்தது, துரு என்றால் அங்கே பாடம். பிளந்த கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, “தம்பி, மாட்டு மூத்திரம்” என்றார். வெள்ளைக்காரன் ராணுவம் இந்தியாவில் தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் வைத்திருந்ததாம். மழைக்காலத்தில் பித்தளைக் கூடுகள் தாமாகக் கீறல் விட்டன. லாயத்து அம்மோனியாவும் ஈரமும், இழுக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை என்று 1921இல்தான் விளக்கினார்கள். மருந்து சுலபம். கடைசி இழுப்பு முடிந்ததும் 250, 275 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் உள் இறுக்கம் தளரும், கிண்ணம் மெத்தென்று ஆகாது. இழுப்புகளுக்கு நடுவில் செய்கிற பதம் வேறு, அது 550, 600 வரை, இருட்டில் மங்கலான சிவப்பு தெரியும்வரை. அதற்கு மேல் போனால் அடுத்த இழுப்பில் மேல்தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாகும். நான் இந்த இரண்டில் எதையுமே செய்யவில்லை, ஒரே அடி டை ஆச்சே, எதற்கு என்று.

பிறகு திருச்சியில் ஒருவரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது மாதிரிக் கிண்ணமும் என் தகட்டில் ஒரு முழமும்தான். விலை சொல்லவே இரண்டு நாள் ஆனது. மூன்று நிலை, மூன்று டை, 78,000. அவருடைய பிரஸ்ஸிலேயே என் தகட்டில் இருபது கிண்ணம் அடித்துக் காட்டிவிட்டுத்தான் மீதிப் பணம் வாங்கினார். அன்று பஸ்ஸில் அந்த இருபதையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆச்சிக்கு மாசியில் 240ஐயும் கொடுத்தாயிற்று. சொன்ன தேதிக்கு நாலு மாதம் தாமதம், அதற்கு அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பணத்துக்கு என்ன வழி என்று கேட்பவர்களுக்கு. தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் வழக்கு போட முடியாது என்று பலர் சொன்னார்கள், முழுக்கச் சரியில்லை. சுயதொழில் செய்து பிழைக்கிறவர் அந்தப் பிழைப்புக்காகவே வாங்கிய பொருள் என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் உண்டு. விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நாம் இருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், எனக்குச் சிவகங்கை. ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். பில் இல்லாததுதான் என் கையைக் கட்டுகிறது. பணம் அனுப்பிய பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் இருக்கிறதே, அதை வைத்து நடத்தலாம் என்கிறார் வக்கீல். அந்தப் பேச்சை அழித்துவிடாதீர்கள், போன் மாற்றினாலும் பத்திரம்.

கடைசியாக ஒன்று. போன வாரம் தேவகோட்டையில் விளக்குப் பட்டறை வைத்திருக்கிற நண்பர், தனக்கு ஒரு டை செட்டு மலிவாக வருகிறது என்று போட்டோ காட்டினார். அதே போட்டோ. டைக்கு அடியில் பச்சைக் கட்டம் போட்ட துண்டு, இடது மூலையில் பாதி குடித்த டீ கிளாஸ், பஞ்சின் தலையில் டியூப்லைட் வெளிச்சம் விழுந்து இரண்டு கோடாகத் தெரியும். யாருக்காவது அந்தப் படம் வந்திருந்தால் பணம் அனுப்பாதீர்கள், எனக்கு ஒரு வரி எழுதுங்கள், வழக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.