அடைப்பு என்று சொன்ன அதே படம்தான்

குழந்தைக்காக முதலில் போன மையத்தில் எச்எஸ்ஜி படத்தை (கருக்குழாய்களில் சாயம் ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே) பார்த்துவிட்டு, ‘ரெண்டு டியூபும் அடைப்பு, ஐவிஎஃப்தான் வழி’ (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் முறை) என்று சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்த விமர்சனம் அதற்குப் பிறகு நான் போன மருத்துவமனையைப் பற்றியது.

இங்கே டாக்டர் படத்தை வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி, ‘சாயம் ஏற்றும்போது ரொம்ப வலிச்சுதாம்மா?’ வலித்தது, கத்தியே விட்டேன். அந்தப் பதற்றத்தில் கருப்பையை ஒட்டிய இடத்தில் தசை இறுகிக்கொண்டால், திறந்திருக்கும் குழாயும் படத்தில் அடைப்பாகத்தான் தெரியுமாம். என் வலது குழாய் அந்த ரகமாக இருக்கலாம் என்றார். இடது பக்கம் நிஜமான சிக்கல். நுனி மூடி, உள்ளே நீர் கோத்து வீங்கியிருந்தது. அந்த நீர் கருப்பைக்குள் கசிந்தால் ஐவிஎஃப் வெற்றி வாய்ப்பே பாதியாகக் குறையும், அதனால் முதலில் அந்தக் குழாயை எடுக்க வேண்டும் அல்லது கிளிப் போட வேண்டும். ஐவிஎஃப்புக்கு நாள் குறிக்க அவசரப்பட்டவர்கள் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

கணவரின் விந்தணுப் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகுதான் லேப்ராஸ்கோபிக்கு (வயிற்றில் சிறு துளை போட்டு கேமரா வழியே பார்த்துச் செய்யும் அறுவை சிகிச்சை) தேதி கொடுத்தார்கள். நீலச் சாயம் வலது குழாய் வழியாக வந்து சொட்டியதை வீடியோவில் காட்டினார்கள். இடதை எடுத்துவிட்டார்கள். தையல் வலியைவிடத் தோள்பட்டை வலிதான் இரண்டு நாள் படுத்தியது. வயிற்றை உப்ப வைக்க ஏற்றும் வாயுவால் வருவதாம். முன்கூட்டியே சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

இன்னொரு குறை: காத்திருக்கும் இடத்தில் நர்ஸ் என் பெயரோடு ‘டியூப் அடைப்பு கேஸ்’ என்றும் சேர்த்துக் கூப்பிட்டார். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஐவிஎஃப் மேல் எனக்குக் கோபமில்லை. 1978-ல் அந்த முறையில் பிறந்த முதல் குழந்தையின் அம்மாவுக்கும் டியூப் அடைப்புதான். எனக்கு வயது 31. இதே நிலைமை 38-ல் என்றால் நேரே ஐவிஎஃப் என்றுதான் சொல்லியிருப்பேன் என்று இந்த டாக்டரே சொன்னார்.

இப்போதைக்கு ஆறு மாதம் இயற்கையாக முயற்சி. நாள் தள்ளினால் உடனே வரச் சொல்லியிருக்கிறார், கரு குழாயிலேயே தங்கிவிட்டதா என்று ஸ்கேனில் பார்க்க. இது இரண்டாவது மாதம்.