காற்று மாசத்தில் வாலிபால்: மைதானமா, கடற்கரையா, நாலு சுவருக்குள்ளா?

ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் வாலிபால் ஆடுகிறவர்களுக்கு ஆனி, ஆடி வந்தாலே எரிச்சல்தான். கணவாய் வழியாகப் பாய்கிற காற்று முப்பந்தல் காற்றாலைக்காரர்களுக்கு நல்லது, பந்துக்கு நல்லதில்லை. எங்கள் அணி மைதானத்தை விட்டுவிட்டு, சும்மா கிடந்த ஒரு பழைய நெல் குடோனுக்குள் வலை கட்டி, சுவரில் பட்டுத் திரும்புகிற பந்தையும் சேர்த்து ஆட ஆரம்பித்துவிட்டது. நான் எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

இது நாங்கள் கண்டுபிடித்த ஆட்டமில்லை, ஆங்கிலத்தில் wallyball என்பார்கள். 1895-ல் அமெரிக்காவின் ஹோலியோக் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் தொடங்கியது வாலிபால். 1950-ல் கிரீன்விச் ஒய்.எம்.சி.ஏ.வில் ஜோ சோபெக் தொடங்கியது ராக்கெட்பால், அதாவது நாலு சுவர் அறைக்குள் மட்டையால் அடிக்கிற ஆட்டம். 1979-ல் கலிபோர்னியாவின் கலபாசஸில் ஜோ கார்சியா என்பவர் அந்த அறைக்கு நடுவே வாலிபால் வலையைக் கட்டி இரண்டையும் ஒன்றாக்கினார். அறை 40 அடி நீளம், 20 அடி அகலம், 20 அடி உயரம். வலை ஆண்களுக்கு 8 அடி. ஒரு பக்கத்துக்கு இரண்டு முதல் நாலு பேர் போதும்.

மைதான வாலிபாலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 18-க்கு 9 மீட்டர், ஆறுக்கு ஆறு, எல்லாருக்கும் தெரிந்த ஆட்டம், டோர்னமென்ட் என்று வந்தால் அதுதான். வார நாளில் பன்னிரண்டு பேரைத் திரட்டுவது பெரும்பாடு என்பதும் தெரிந்த கதை.

ஆனால் காற்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நாங்கள் இடம் மாறியதே அதனால்தான். மேற்கே நின்று சர்வீஸ் போட்டால், பந்து காற்றோடு எண்ட் லைனைத் தாண்டி ஓடுகிறது. கிழக்கே நின்று போட்டால் வலைக்கு முன்னாலேயே தொய்ந்து விழுகிறது. அதைக்கூடப் பழகிக்கொள்ளலாம், லிஃப்ட்தான் தாங்காது. லிஃப்டர் உயரமாகத் தூக்கிவிட்ட பந்து, அடிக்கிறவன் ஓடிவந்து எம்புவதற்குள் இரண்டடி நகர்ந்திருக்கும், அவன் வெறுங்காற்றை வீசிவிட்டு இறங்குவான். அப்புறம் எல்லாரும் தாழ்வாகத் தூக்கி, தட்டித் தட்டி அனுப்பி, ஆட்டமே சர்வீஸ் தவறுகளின் கணக்காக முடிந்துபோகும். கடைசி செட்டைத் தவிர, செட் முடிந்தால்தான் பக்கம் மாற்றம் என்பதால், அதுவரை ஒரு அணி காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

கடற்கரை ஆட்டத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஏழு பாயிண்டுக்கு ஒருமுறை பக்கம் மாற வேண்டும், மூன்றாவது செட்டில் ஐந்துக்கு ஒருமுறை. காற்றும் வெயிலும் இரண்டு அணிக்கும் பங்காகிவிடும். பந்திலும் காற்றழுத்தம் குறைவு, களம் 16-க்கு 8 மீட்டர், இரண்டே பேர். சொத்தவிளையிலோ முட்டத்திலோ மணல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தோவாளையில் இருக்கிறவன் வேலை முடிந்து பஸ் பிடித்து அங்கே போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும். கடற்கரையில் நான் ஆடியதும் குறைவு, கரை ஊர்க்காரர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

சுவருக்குள் காற்றே இல்லை. லிஃப்ட் தூக்கின இடத்தில் நிற்கிறது. அதோடு பக்கச் சுவர் ஒரு ஆள் மாதிரி ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறது. எதிராளி பக்கத்தில் பந்து ஒரு பக்கச் சுவரில் பட்டு இறங்கினால் சரி. யாரும் தொடாமல் அடுத்தடுத்து இரண்டு சுவரில் பட்டாலோ, நேராகப் பின்சுவரையோ கூரையையோ தொட்டாலோ அடித்தவன் அவுட். நம் பக்கம் வந்த பந்து கையில் பட்டுப் பின்னால் தெறித்தால், நம் பின்சுவரில் மோதி வருவதை எடுத்து ஆடிக்கொள்ளலாம். செத்துப்போன பந்து என்று கையை விட்டதெல்லாம் திரும்பி வரும், அதனால் ரேலி நீளமாகப் போகிறது. வாழைத்தோப்புக்குள் பந்து தேடுகிற வேலையும் ஒழிந்தது.

குறையும் உண்டு. சத்தம் காதை அடைக்கிறது. எங்கள் கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்பதால், நம் பக்கக் கூரையில் பட்டாலும் அவுட் என்று வைத்துக்கொண்டோம். பூசாத சுவர் சாதாரண வாலிபாலின் தோலை உரித்துவிடும், ரப்பர் பந்துதான் சரி. நாங்கள் அதிகம் ஆடுவது மூன்றுக்கு மூன்று, நாலு பேர் ஆட்டம் இடிக்குமா இடிக்காதா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். பங்குனி சித்திரைப் புழுக்கத்தில் அந்தக் குடோனுக்குள் நிற்க முடியுமா என்பதும் இனிமேல்தான் தெரியும். முடியாவிட்டால் அந்த இரண்டு மாதம் மைதானம் இருக்கவே இருக்கிறது.

உங்கள் ஊரில் தோதான இடம் கிடைத்தால், வலைக் கொக்கியைச் செங்கல் இடுக்கில் அடிக்காமல் கான்கிரீட் தூணில் போடுங்கள், வலை இறுக்கத்தில் செங்கல் பெயர்ந்து வந்துவிடும். நெல் வைத்த குடோனாக இருந்தால் ஆட்டம் முடிந்ததும் வலையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள், எலி விட்டுவைக்காது.