கொழும்பில் புதிய இசையைத் தேடுவோருக்கு: ஸ்பொட்டிஃபையா, யூடியூபா, அப்பிள் மியூசிக்கா?

இசைச் செயலிக்கு மாதாமாதம் சந்தா கட்டுபவர் அதனிடம் எதிர்பார்ப்பது இரண்டு விடயங்கள். கேட்டுப் பழகிய பாடல் தேடியதும் கிடைக்க வேண்டும். இதுவரை கேட்டிராத, ஆனால் கேட்டால் பிடித்துப்போகும் பாடல் தேடாமலே வந்து சேர வேண்டும். முதலாவதில் பெரிய செயலிகளுக்கிடையே இன்று சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டாவதில் நிறையவே உண்டு. ஆனால் இதுபற்றி வெளிவரும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை ஆங்கிலப் பாடல்களை மட்டும் கேட்பவரை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்துகொண்டு, காலையில் பக்திப் பாடலும், வேலைக்குப் போகும் பஸ்ஸில் சிங்களப் பாடலும், இரவில் புதிய தமிழ்த் திரைப்பாடலும் கேட்கிற ஒருவருக்கு அந்த முடிவுகள் அப்படியே பொருந்துவதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொழி கடந்து புதிய இசையைத் தேடுவதற்கு ஸ்பொட்டிஃபை சிறந்தது. இலங்கைத் தமிழ்க் கலைஞர்களையும் பழைய ஒலிப்பதிவுகளையும் கண்டெடுப்பதற்கு யூடியூபுக்கு நிகர் வேறில்லை. ஒன்றுக்குத்தான் பணம் கட்ட முடியும் என்று ஒருவர் கேட்டால் யூடியூபையே சொல்வேன். ஏனென்றால், கணிப்பு முறை எவ்வளவு நுட்பமானது என்பதைவிட, நம்மைப் போன்றவர்கள் எத்தனை பேர் அந்தச் செயலியில் பாட்டுக் கேட்கிறார்கள் என்பதுதான் நமக்கு வந்து சேரும் பரிந்துரையின் தரத்தை அதிகமாகத் தீர்மானிக்கிறது.

பரிந்துரை எப்படி உருவாகிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். ஸ்பொட்டிஃபை 2015 ஜூலையில் தொடங்கிய 'டிஸ்கவர் வீக்லி' என்ற பட்டியல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் 30 பாடல்களைத் தருகிறது. நீங்கள் விரும்பிக் கேட்கும் இரண்டு பாடல்கள், நீங்கள் அறியாத பலர் தமக்கென்று தொகுத்துவைத்த பட்டியல்களில் மூன்றாவது ஒரு பாடலோடு சேர்ந்தே காணப்படுமானால், அந்த மூன்றாவது பாடல் உங்களுக்கும் பிடிக்கக்கூடும் என்பதே அதன் அடிப்படைக் கணக்கு. பாடலின் வேகம், சுருதி, ஒலியின் தன்மை ஆகியவற்றை நேரடியாக அளந்து ஒப்பிடும் முறையும் இதனோடு சேர்கிறது. அந்த வேலையில் முன்னணியில் இருந்த எக்கோ நெஸ்ட் என்ற நிறுவனத்தை ஸ்பொட்டிஃபை 2014இல் வாங்கியது. இருந்தாலும், கணக்கின் பெரும்பகுதி மனிதர்கள் விட்டுச்சென்ற தடங்களை நம்பியே நிற்கிறது. எவருடைய பட்டியலிலும் இடம்பெறாத பாடல், எவ்வளவு நன்றாக இருந்தாலும், இந்த வழியில் மேலே வருவது கடினம். ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்ததே 2021 பெப்ரவரியில்தான். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நம் வீடுகளில் யூடியூப் ஓடிக்கொண்டிருந்தது. இந்த இடைவெளி இன்னமும் நிரம்பவில்லை.

ஸ்பொட்டிஃபையின் பலம் எல்லை தாண்டும்போதுதான் தெரிகிறது. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஒலித்த சிங்களப் பாடல் ஒன்றின் ஒரு வரியைப் பிடித்துவைத்திருந்து, வீட்டுக்கு வந்து தேடியெடுத்து, முழுமையாக இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டால் போதும். அதே போக்கிலுள்ள வேறு சிங்களக் கலைஞர்கள் அடுத்தடுத்த வாரங்களில் திங்கட்கிழமைப் பட்டியலுக்குள் வரத் தொடங்குகிறார்கள். மொழி சரியாகத் தெரியாத ஒருவருக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடைப்பது அரிது. இளையராஜா 1986இல் வெளியிட்ட, திரைப்படத்தோடு தொடர்பில்லாத வாத்திய இசைத்தொகுப்பைத் தொடக்கமாக வைத்து அதையொத்த இசையைத் தானாக ஓட்டும் 'ரேடியோ' வசதியை ஓடவிட்டபோதும் எனக்கு இதுவே நேர்ந்தது. பாடல் வரிகள் இல்லாத இசை என்பதால் 'தமிழ்' என்ற பெட்டிக்குள் அடைபடாமல், வயலின் குழுக்களின் இசை, மேற்கத்தேய சாஸ்திரிய இசை, இந்திய இணைவு இசை என்று அது விரிந்துகொண்டே போனது. இந்த விரிவை மற்ற இரண்டு செயலிகளிலும் நான் அந்த அளவுக்குக் காணவில்லை.

தமிழுக்குள் வந்தவுடன் அதே செயலி தடுமாறுகிறது. புதிய வெளியீடுகளுக்கென வெள்ளிக்கிழமைதோறும் வரும் 'ரிலீஸ் ரேடார்' பட்டியலை எடுத்துக்கொள்வோம். பிடித்த ஓர் இசையமைப்பாளரை நீங்கள் பின்தொடர்கிறீர்கள் என்றால், பட்டியலின் முதலாவது பாடல் அவருடைய புதிய தமிழ்த் திரைப்பாடலாக இருக்கும். இரண்டாவது, அதே மெட்டின் தெலுங்கு வடிவம். அதற்கடுத்து அதன் ஹிந்தி வடிவம். பிறகு அதே படத்தின் பின்னணி இசைத் துணுக்கு ஒன்று. அதன் பிறகு பத்து வருடங்களுக்கு முந்திய பாடலொன்று புதிய தொகுப்பின் பெயரில் மறுபடியும். கணக்கின்படி இவை எல்லாமே புதிய வெளியீடுகள்தான். கேட்பவருக்கோ ஒரே ஒரு பாடல்தான் புதிது. திரைப்பாடல்களில் இசையமைப்பாளரின் பெயரே கலைஞர் என்ற இடத்தில் முதலாவதாகப் பதியப்படுவதால், பாடகரின் குரலுக்காகவோ பாடலாசிரியரின் வரிகளுக்காகவோ பாட்டுக் கேட்பவருடைய விருப்பம் இசையமைப்பாளரின் கணக்கிலேயே போய்ச் சேர்கிறது. சித் ஸ்ரீராமின் குரலைத் தேடிப் போனவருக்கு அனிருத்தின் குத்துப்பாட்டுகள் வந்து குவிவதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

இன்னொரு சிக்கல் கேட்கும் நேரம் பற்றியது. ஸ்பொட்டிஃபையில் ஒரு பாடல் 30 விநாடிகள் ஒலித்த பிறகுதான் ஒரு கேட்பாகக் கணக்கில் ஏறும். அதற்குள் தள்ளிவிட்டால் பிடிக்கவில்லை என்று பொருள்கொள்ளப்பட வாய்ப்பு அதிகம். முதல் வரியிலேயே காதைப் பிடித்து இழுக்கும் பாடலுக்கு இது நல்ல அளவுகோல். ஆலாபனைக்கு அப்படியல்ல. நாதஸ்வரக்காரர் இராகத்தின் உருவத்தை மெல்ல மெல்லக் காட்டத் தொடங்கும்போதே அந்த 30 விநாடிகள் கடந்துவிடுகின்றன. அவசரத்தில் இரண்டு தடவை தள்ளிவிட்டால் அந்த வகை இசையே மெதுவாகப் பட்டியலிலிருந்து விலகிப் போகிறது. யூடியூப் 2012இல் சொடுக்குகளின் எண்ணிக்கையை விட்டு, பார்க்கப்பட்ட நேரத்தை முதன்மை அளவாக எடுத்துக்கொண்டது. அந்த மாற்றம் எல்லாத் துறைகளிலும் நன்மை செய்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மணி நேரக் கச்சேரியை விளக்கு அணையும்வரை கேட்பவருக்கு அது உதவியாகவே இருக்கிறது.

யூடியூபின் உண்மையான வலிமை, அங்கே பாடலை ஏற்றுவதற்கு இசை நிறுவனமோ விநியோகஸ்தரோ தேவையில்லை என்பதில் இருக்கிறது. யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தவர். தவில் வாசிப்பில் இந்தத் தீவு கண்ட மாபெரும் கலைஞர். அவர் வாசித்தவற்றில் இன்று நமக்குக் கேட்கக் கிடைப்பவை பெரும்பாலும் யாரோ ஒருவர் பழைய ஒலிநாடாவிலிருந்து எடுத்து அன்போடு பதிவேற்றியவை. இரைச்சலும் இடைவெட்டும் உண்டு. பதிவுக்குக் கீழே, இது எந்தக் கோயில் திருவிழா, உடன் வாசித்தவர் யார் என்று முதியவர்கள் எழுதிவைத்த குறிப்புகளும் உண்டு. அத்தகைய ஒரு பதிவை முழுமையாகக் கேட்டால், அடுத்து அளவெட்டியிலும் சாவகச்சேரியிலும் நடந்த கோயில் கச்சேரிகள் பக்கத்தில் வரிசையாக வந்து நிற்கும். ஸ்பொட்டிஃபையில் இந்தப் பாதையே கிடையாது, ஏனென்றால் அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவை அங்கு போய்ச் சேரவில்லை.

எழுபதுகளின் இலங்கைப் பொப் பாடல்களுக்கும் இதே நிலைதான். நித்தி கனகரத்தினத்தின் பாடல்களில் தொடங்கினால் யூடியூப் ஒரு தலைமுறையையே எடுத்துத் தரும். அந்தத் தலைமுறைப் பாடகர்களில் ஒருவரை நாம் இங்கே ஏ.ஈ.மனோகரன் என்று அறிவோம். தமிழகத்தில் அவர் சிலோன் மனோகர். பெயர் இரண்டாகும்போது கலைஞர் பக்கத்தை நம்பி இயங்கும் செயலியில் கேட்பவர் கூட்டமும் இரண்டாகப் பிரிந்துவிடும். யூடியூபில் ஒரு பதிவிலிருந்து இன்னொரு பதிவுக்கு மனிதர்கள் நடந்த பாதையே கணக்கில் எடுக்கப்படுவதால், பெயர்க் குழப்பம் அந்த அளவுக்குப் பாதிப்பதில்லை. இன்று யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் ராப் பாடும் இளைஞர்களும், ரொறொன்ரோவிலும் பாரிஸிலும் இருந்து பாடும் நம்மவர்களும் தங்கள் பாடலை முதலில் காணொளியாகத்தான் வெளியிடுகிறார்கள். ஸ்பொட்டிஃபையில் 2024 முதல், 12 மாதங்களில் குறைந்தது 1,000 தடவை கேட்கப்படாத பாடலுக்கு உரிமைத்தொகை கிடையாது என்ற விதியும் வந்துவிட்டது. சிறிய கலைஞர் அங்கே ஊக்கத்தோடு இயங்குவதற்கான காரணம் இன்னும் குறைகிறது. மொழியின் வேலியைத் தாண்டவும் யூடியூபால் முடியும் என்பதற்கு, 2021இல் யொஹானி பாடிய சிங்களப் பாடல் இந்தியா முழுவதும் பரவியதே சாட்சி. ஆனால் அது எல்லோருக்கும் ஒரே பாடலைக் கொண்டுபோய்ச் சேர்த்த பரவல். ஒருவரின் தனிப்பட்ட ரசனையை அறிந்து எடுத்துத் தந்த பரிந்துரை அல்ல.

யூடியூபின் குறைகளும் சிறியவையல்ல. வீட்டுத் தொலைக்காட்சியில் எல்லோரும் ஒரே கணக்கைப் பாவித்தால், அம்மா பார்க்கும் தொடர் நாடகமும், பிள்ளைகளின் கார்ட்டூனும், அரசியல் மேடைப் பேச்சும் சேர்ந்து இசைப் பரிந்துரையைக் கலக்கிவிடும். யூடியூப் மியூசிக் தனிச் செயலியாக இருந்தாலும் அதே கணக்கின் வரலாற்றையே எடுத்துக்கொள்கிறது. 'மிக்ஸ்' என்று தானாக ஓடும் வரிசை, பத்துப் பாடல்களுக்குள் நீங்கள் ஏற்கெனவே கேட்டுச் சலித்த பாடலுக்கே திரும்பிவந்துவிடும் பழக்கமுடையது. புதியதைத் தருவதில் ஸ்பொட்டிஃபைக்கு இருக்கும் துணிச்சல் அதற்கு இல்லை. இலவசமாகப் பாவிப்பவருக்குக் கைப்பேசித் திரை அணைந்தவுடன் பாட்டும் நின்றுவிடும். நெரிசலான பஸ்ஸில் இது பெரிய தொல்லை.

அப்பிள் மியூசிக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2015இல் தொடங்கிய நாளிலிருந்தே தேர்வாசிரியர்கள் தொகுக்கும் பட்டியல்களே அதன் பெருமை. ஒலியின் தரமும் உயர்ந்தது. ஆனால் இலவசப் பாவனை கிடையாது. ஐபோன் வைத்திருப்போர் குறைவான நம் ஊரில், அதில் தமிழ் கேட்பவர்கள் இன்னும் குறைவு. தமிழுக்கென அது தரும் பட்டியல்கள் சென்னையின் திரையிசையைச் சுற்றியே நிற்கின்றன. மேற்கத்தேய இசையை ஆழமாகக் கேட்பவர் தவிர மற்றவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இந்த ஒப்பீட்டில் வானொலியையும் சேர்த்தே ஆக வேண்டும். 1925 டிசம்பரில் ஒலிபரப்பு தொடங்கிய நகரம் இது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத் தமிழகமே காத்திருந்து கேட்ட காலத்தில், அறிவிப்பாளர்கள் கே.எஸ்.ராஜாவும் பி.எச்.அப்துல் ஹமீதும் பாடலை மட்டும் தரவில்லை. படம் எது, இசை யார், எழுதியவர் யார், பாடியவர் யார் என்று சொல்லித் தந்தார்கள். கேட்டவர் அந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு அடுத்த பாடலைத் தானே தேடினார். செயலிகளில் இப்படிச் சொல்லித் தருவது அரிது. இந்தப் பாடல் ஏன் உங்களுக்கு வந்தது என்பதற்கு 'நீங்கள் இன்னாரைக் கேட்டதால்' என்ற ஒற்றை வரிக்கு மேல் விளக்கம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. இன்றைய தனியார் எஃப்.எம். அலைவரிசைகள் பெரும்பாலான நேரம் புதிய திரைப்பாடல்களையே சுழற்றுகின்றன என்பதால், புதிய இசையைத் தேடுவதற்கு அவை போதுமானவை என்று சொல்ல முடியவில்லை. ஆனாலும் இரவு நேர நிகழ்ச்சிகளிலும், தென்றல் சேவையின் சில நிகழ்ச்சிகளிலும், அறிவிப்பாளர் காரணம் சொல்லித் தரும் பாடல் இன்னமும் கிடைக்கிறது.

நடைமுறையில் நான் சொல்வது இதுதான். யூடியூபில் இசைக்கென்றே தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து, அதில் வேறெதையும் பார்க்காமல் இருப்பது முதல் வேலை. ஸ்பொட்டிஃபையை விளம்பரங்களோடு இலவசமாகவே வைத்திருந்து, திங்கட்கிழமைப் பட்டியலுக்கு மட்டும் பாவிக்கலாம். அங்கே இசையமைப்பாளரை விட்டுப் பாடகரைப் பின்தொடருங்கள். பிள்ளைகளுக்குத் தாலாட்டுப் போடும் நேரத்தில், அது பரிந்துரையைக் கலக்காமலிருக்க 'பிரைவேட் செஷன்' வசதியை இயக்கிவிடுங்கள். ஆலாபனையோ விருத்தமோ கேட்க நேரமில்லாத வேளையில் அந்த வகைப் பாடலைத் திறக்கவே வேண்டாம். ஸ்பொட்டிஃபைக்கு வந்திருக்கும் இலங்கைத் தமிழ்க் கலைஞர்களின் பாடல்களை, எல்லோரும் அறிந்த பாடல்களுக்கு நடுவே வைத்துப் பொதுப் பட்டியல்களாகத் தொகுத்து வெளியிடுவதுதான் இவற்றில் அதிகம் பயன் தரக்கூடியது. பரிந்துரைக் கணிப்பு முறை மனிதர்களின் பட்டியல்களைப் படித்துத்தான் கற்றுக்கொள்கிறது என்பதால், தெகிவளையிலிருந்து ஒருவர் தொகுக்கும் அத்தகைய பட்டியல்கள் போதிய அளவில் சேரச் சேர, மட்டக்களப்பில் பாடும் ஓர் இளைஞரின் பாடல் அவரை அறியாத ஒருவரின் திங்கட்கிழமைக்குள் நுழையும் வாய்ப்பும் கூடும்.